லயத்து நத்தார்ப் படங்கள்: அரநாயக்கச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நத்தார்ப் படம் என்றால் என்ன என்ற வினாவுக்கு மேலைநாட்டவர் இன்னும் விடை கண்டபாடில்லை. ‘டை ஹார்ட்’ நத்தார்ப் படமா இல்லையா என்று அமெரிக்காவில் டிசம்பர்தோறும் சண்டை மூள்கிறது. கதை நடப்பது நத்தாருக்கு முதல்நாள் இரவு. படம் வந்ததோ 1988 ஜூலையில். அரநாயக்கத் தோட்ட லயங்களில் இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. டெக் வாடகைக்கு வந்த இரவில் எந்தக் கெசட் கிடைத்ததோ அதுவே நத்தார்ப் படம். இந்த நடைமுறையைக் கோட்பாடாக உயர்த்துவதே நமது நோக்கம்.

முதலில் பௌதிகப் பின்னணி. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் முக்கியமான கோபுரம் 2524 மீற்றர் உயரப் பிதுருதலாகலை உச்சியில் நிற்கிறது. அரநாயக்கவுக்கும் அதற்கும் நடுவே தொலஸ்பாகை மலைகள் குந்திக்கொண்டிருக்கின்றன. ஆகவே நத்தார்ச் சிறப்பு நிகழ்ச்சி பார்ப்பது இருவர் கூடிச் செய்யும் தொழிலாயிற்று. தகரக் கூரைமேல் அன்டெனாவைத் திருகும் தம்பி ஒருவன், காம்பராவுக்குள்ளிருந்து “வருது, வருது… போச்சிடா!” என்று கத்தும் அக்கா ஒருத்தி. திரையில் பெய்த புள்ளிகளைப் பனி என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள், பெத்லகேமில் அன்றிரவு பனி கொட்டியதாக இன்றும் சாதிப்பார்கள்.

தமிழுக்குக் கிடைத்த நேரமும் சொற்பம். சக்தி டிவி 1998இல்தான் வந்தது. அதுவரை டெக்கே கதி. மாவனல்லை டவுனிலிருந்து டிவியும் டெக்கும் சாக்கில் பொதிந்து வரும். காம்பராவுக்கு இவ்வளவு என்று காசு சேர்ப்பார்கள். தீபாவளிக்கு வேதக்காரர் காசு போடுவதும் நத்தாருக்குச் சைவக்காரர் போடுவதும் எந்த மதநல்லிணக்க மாநாட்டிலும் தீர்மானிக்கப்பட்டதல்ல. கெசட் வாடகைதான் தீர்மானித்தது. ரஜினி படம் என்று தெரிந்தால் கீழ்க் கிராமத்துச் சிங்கள நண்பர்களும் இஸ்தோப்பில் இடம் பிடித்துவிடுவார்கள்.

அந்த இரவின் படவரிசை மாறாதது. முதலாவது அப்பாயிக்கான பக்திப் படம். பெரும்பாலும் 1971இல் ஜெமினி கணேசனும் பத்மினியும் ஜெயலலிதாவும் நடித்த ‘அன்னை வேளாங்கண்ணி’. இதற்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். இரண்டாவது ‘பாட்ஷா’. 1995 பொங்கலையொட்டி வந்த படத்துக்கும் நத்தாருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் படத்தைக் கவனமாகப் பார்க்கவில்லை என்பது என் துணிபு. தன் மகிமையை மறைத்து எளியவர் நடுவே வாழ்கிறான். அடித்தாலும் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்கிறான். உரிய வேளை வந்ததும் யாரென்று வெளிப்படுகிறான். வெளிப்பட்ட பின் அவன் செய்வதற்கு வேதத்தில் ஆதாரமில்லை என்பதையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். ‘மின்சார கனவு’ கட்சியும் ஒன்று உண்டு. கஜோல் கன்னியாஸ்திரியாகத் துடிக்கும் அந்தப் படமும் 1997 பொங்கலுக்கு வந்ததே. கோயில் பாட்டுக்குழுவில் இருக்கும் அக்காமார் இக்கட்சியினர்; பாட்டு முடிந்ததும் எழுந்து கேக் வெட்டப் போய்விடுவதால் அவர்கள் சாட்சியத்தை ஓரளவே ஏற்கலாம்.

உலகச் சான்றுகளும் நம் பக்கமே. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946இல் வெளிவந்து வசூலில் சறுக்கிய படம். 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். காசில்லாமல் போடலாம் என்றதும் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் டிசம்பர் முழுக்க அதையே ஓட்டின. ஒரு தலைமுறைக்கு அது குடும்ப மரபாகிவிட்டது. போலந்தில் ‘ஹோம் அலோன்’ இல்லாமல் நத்தார் இல்லை என்கிறார்கள். மரபு பிறப்பது பிரியத்தினால் அல்ல, வேறு வழி இல்லாததால். நம் காம்பராவில் ஒரே பிளக் பொயின்ட். அதில் ஒரே டிவி. ஆகவே ஒரே படம், எல்லோருக்கும். ‘எனக்குப் பிடித்த நத்தார்ப் படம்’ என்ற பேச்சே பிளக் பொயின்ட் பெருகிய பிறகு வந்த ஆடம்பரம்.

இப்போது ஆளுக்கொரு போன். அப்பாயி ஒரு மூலையில் யூடியூப் பூசை பார்க்கிறார். பேரன் இன்னொரு மூலையில் கொரியச் சண்டை. டேட்டா தீர்ந்தால்தான் இருவரும் கொக்கிஸ் தட்டருகே சந்திக்கிறார்கள். ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்து இந்தச் சிதறலைச் சரிசெய்ய முயன்ற மாமா ஒருவரின் சோதனை, யாருடைய போனை அதில் இணைப்பது என்ற கட்டத்திலேயே முறிந்தது.

மேலாய்வுக்கு ஒரு பெரும் இடைவெளி எஞ்சியிருக்கிறது. டெக்கை விடியுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் ‘பாட்ஷா’வுக்குப் பின் மூன்றாவது கெசட்டும் கட்டாயம் போடப்பட்டது, காசு கொடுத்தாயிற்றல்லவா. ஆனால் கதாநாயகி தொலைந்துபோகும் இடத்துக்கு அப்பால் அதைப் பார்த்த சாட்சி ஒருவரும் இதுவரை கிடைக்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டே “நான் முழிச்சித்தான் இருந்தேன்” என்று சொல்லும் சித்தப்பா மட்டும் அவள் கிடைத்துவிட்டாள் என்கிறார். எங்கே என்று கேட்டால் கோபப்படுகிறார்.