பெட்டிக்குள் சுண்டும் காசு: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

தீர்க்கப்படாத சிக்கல்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் காசே இல்லாத இடத்தில் காசு சுண்டுவது ஏன் என்ற கேள்வியை அறிஞர் உலகம் உரிய கவனத்தோடு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. ஆய்வுக்கு மூலமாகக் கொண்டது போக்கிமான் டிரேடிங் கார்டு கேம் என்னும் கையடக்க வீடியோ கேம். ஹட்சன் சாஃப்ட்டும் கிரியேச்சர்ஸும் சேர்ந்து ஆக்கியது. 1998 டிசம்பரில் ஜப்பானில் கேம் பாய்க்கு வந்து, 2000 ஏப்ரலில் கேம் பாய் கலர் வழியாக அமெரிக்காவை அடைந்தது. இதற்கு மூத்தது அட்டையால் ஆன ஆட்டம். அது 1996 அக்டோபரிலேயே ஜப்பானியக் கடைகளில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கத் தொடங்கிவிட்டது.

ஆட்டத்தின் இலக்கணம் சுருக்கமானது. ஆளுக்கு 60 கார்டு. அடிப்படை எனர்ஜி கார்டு நீங்கலாக, ஒரே பெயரில் 4-க்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கைக்கு 7 வரும். பரிசென்று 6 கார்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எதிரியின் போக்கிமான் ஒன்று விழுந்தால் பரிசில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் எடுத்தவர் வென்றார். இடையிடையே பூவா தலையா பார்க்க வேண்டியிருக்கும். உறங்கும் போக்கிமான் விழிக்குமா என்பதற்கும் காசு, குழம்பிய போக்கிமானின் அடி எதிரியின் மேல் விழுமா தன் மேலேயே விழுமா என்பதற்கும் காசு. ஆண் நிடோரான் என்னும் போக்கிமானின் கொம்புக் குத்து 30 சேதம் செய்யும். பூ விழுந்தால் ஒன்றும் செய்யாது. அட்டை ஆட்டத்தின் அமெரிக்கத் தொடக்கப் பெட்டியில் சான்சி உருவம் பொறித்த ஒரு காசையே சேர்த்துக் கொடுத்தார்கள் என்றால் அதன் முக்கியத்துவம் விளங்கும்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். கேம் பாய் என்னும் பெட்டிக்குள் காசு கிடையாது. அங்கே நடப்பது ஓர் எண் கணக்கு; கண்ணிமைக்கும் முன் விடை தயாராகிவிடும். அப்படியிருந்தும் 160-க்கு 144 புள்ளி கொண்ட அந்தச் சின்னஞ்சிறு திரையில் ஒரு காசு எழும்புகிறது, சுழல்கிறது, விழுகிறது. விடை தெரிந்த பிறகும் இந்தச் சடங்கு எதற்கு?

இது மரபு கருதிச் செய்யப்பட்டது என்பர் ஒரு சாரார். அற்றன்று. மரபே நோக்கமாயின் காசு கட்டிலுக்கடியில் உருண்டோடுவதையும், இரண்டு சிறுவர் தலைகீழாகக் குனிந்து பார்ப்பதையும் சேர்த்தே காட்டியிருக்க வேண்டும். எந்திரம் செய்யும் ஏமாற்றை மறைக்கவே காசு காட்டப்படுகிறது என்பர் பிறிதொரு சாரார். இவர்கள் பெரும்பாலும் அண்மையில் தோற்றவர்கள். ஆதலின் இவர்தம் கூற்று சான்றாகாது, அறிகுறியாகவே கொள்ளத்தக்கது.

அறிகுறியை ஆராய எக்ஸெகியூட்டர் என்னும் கார்டு போதும். ஜங்கிள் தொகுப்பில் வந்தது இது. தன்மேல் எத்தனை எனர்ஜி ஏற்றியிருக்கிறதோ அத்தனை காசு சுண்டும். தலை ஒவ்வொன்றுக்கும் 20 சேதம். நான்கு எனர்ஜி ஏற்றினால் நான்கு சுண்டு, சராசரி 40. நான்கும் தலையாக விழ வாய்ப்பு 16-இல் 1. நான்கும் பூவாக விழவும் அதே 16-இல் 1. கணக்கு இரண்டையும் ஒரு தட்டில்தான் வைக்கிறது. ஆடுபவரோ முன்னதைத் தம் திறமை என்றும் பின்னதைப் பெட்டியின் சதி என்றும் பிரித்து எழுதுகிறார். நான்கு தலை விழுந்ததற்காகப் பெட்டியைத் தரையில் எறிந்தவர் இலர்.

இங்கே ஒரு கிளைக் கேள்வி எழும். ஆட்டத்தில் தற்செயல் காசில் மட்டுமா இருக்கிறது? கார்டுக் கட்டைக் கலைக்கும்போது இல்லையா? இருக்கிறது, அதிகமாகவே இருக்கிறது. தொடக்கத்தில் கைக்கு வரும் ஏழில் அடிப்படைப் போக்கிமான் ஒன்றாவது வேண்டும். இல்லையேல் மீண்டும் கலைத்துப் போட வேண்டும். அறுபதில் அடிப்படைப் போக்கிமான் 12 வைத்திருப்பவருக்கு வெறுங்கை வரும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. சாரிசார்டு மோகத்தில் பெரிய பூதங்களை அடுக்கிவிட்டு அடிப்படையை 8-ஆகக் குறைத்தவருக்கு அது 35 விழுக்காட்டை நெருங்கும். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! இந்தக் குற்றத்தை யாரும் தம் கட்டின் மேல் சுமத்துவதில்லை. கார்டு கலைவதையும் திரையில் காட்டத்தான் செய்கிறார்கள். அதை ஒருவரும் முறைத்துப் பார்ப்பதில்லை. தீர்ப்புக்கு நின்று அடி வாங்குவது கடைசியாகச் சுழன்ற காசுதான். கட்டமைத்தவரின் பிழை, கலைத்ததன் விளைவு, எதிரியின் சாமர்த்தியம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வசை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு வைக்கப்பட்டதே காசு என்பது எம் துணிபு.

இதற்கு எதிர்ச்சான்றாகச் சப்டாஸைக் காட்டக்கூடும். ஆட்டத்தின் நான்கு புகழ்மிக்க கார்டுகளில் ஒன்று அது. எட்டு மன்றத் தலைவர்களை வீழ்த்திப் பதக்கம் சேர்த்து, நான்கு பெருந்தலைவர்களையும் வரிசையாக வென்று வருபவருக்குக் கிட்டும் செல்வம். அதன் பேரிடித் தாக்குதல், தன்னைத் தவிர்த்துக் களத்திலுள்ள ஏதாவதொரு போக்கிமானின் மேல் 70 சேதத்தை இறக்கும். யார் மேல் என்பதைக் கணக்குத் தீர்மானிக்கும். எதிரியின் மேல் விழலாம். நம் பெஞ்சில் நேர்த்தியாக வளர்த்துவைத்த பிள்ளையின் மேலும் விழலாம். இவ்வளவு கொடிய தற்செயலுக்குக் காசு சுண்டப்படுவதில்லை. மேசையில் ஆடினால் இதற்குப் பகடை வேண்டும், பட்டியல் வேண்டும், பிறகு ஒரு சண்டையும் வேண்டும். பெட்டிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ஆனால் சப்டாஸின் இடி தம் தலையில் விழுந்தவர்கள் சப்டாஸைத்தான் திட்டுகிறார்கள், பெட்டியை அல்ல. பழி ஏற்க அங்கே வேறு முகம் இருப்பதால் காசு தேவைப்படவில்லை. எனவே இது எதிர்ச்சான்றன்று, துணைச்சான்றே.

பொருளாதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டை உலகில் பாக்கெட் வாங்கப் பணம் வேண்டும். பெட்டி உலகில் ஓர் ஆட்டத்தை வென்றால் பாக்கெட் பரிசாக வரும். பெற்றோர் பையிலிருந்து சுமை இறங்கிப் பிள்ளையின் கட்டைவிரலில் ஏறியது என்று கொள்க. இஷிஹாரா என்றொரு சேகரிப்பாளரும் உள்ளே குடியிருக்கிறார். அரிய கார்டுகளை மாற்றிக்கொள்வார். கிரியேச்சர்ஸை நிறுவிய சுனெகசு இஷிஹாராவின் பெயரைத் தாங்கியவர். தம் நிறுவனத்தார் செய்த ஆட்டத்தில் தாமே பண்டமாற்று நடத்தும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எம் துணிபை ஆட்டத்தை ஆக்கியோர் முன்பே அறிந்திருந்தனர் போலும். 2001 மார்ச்சில் ஜப்பானில் மட்டும் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் விதவிதமான காசுகளையே சேகரிக்க வைத்துவிட்டார்கள். எந்தக் காசாக இருந்தாலும் பாதிக்குப் பாதிதான். ஆனால் காசைத் திட்டுபவருக்கு வேறொரு காசு கொடுத்துப் பார்ப்பதைக் காட்டிலும் மலிவான ஆறுதல் எது?

எஞ்சியிருப்பவர் இமாகுனி. உண்மையில் தொமோவாகி இமாகுனி என்னும் இசைக்கலைஞர்; ஆட்டத்துக்குள் கறுப்பு உடையில் மன்றங்களில் திடீரென்று தோன்றுவார். பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு கேள்விக்குறி. அவர் பெயரிலேயே ஒரு கார்டும் உண்டு. அதை ஆடினால், ஆடியவரின் சொந்தப் போக்கிமானே குழம்பிப்போகும். குழம்பினால் அடிக்குமுன் காசு சுண்ட வேண்டும். பூ விழுந்தால் 20 சேதம் தனக்கே. அதாவது, சுண்ட வேண்டிய கட்டாயமே இல்லாத ஒருவர், கைக்காசு போட்டு ஒரு சுண்டலை விலைக்கு வாங்குகிறார். பழி சுமத்த ஆள் தேடும் மற்றவர்களுக்கு நடுவே, பழியைக் கார்டாக அச்சிட்டுத் தாமே வைத்துக்கொண்ட ஒரே ஆட்டக்காரர் இமாகுனிதான். அந்தக் கார்டைத் தம் அறுபதுக்குள் மனமறிந்து சேர்த்துக்கொண்டவர் யாரேனும் இருப்பின் அவரிடம் கேட்க ஒரு கேள்வித்தாள் ஆயத்தமாக இருக்கிறது. முதல் கேள்வி, வீட்டில் எல்லோரும் நலமா என்பது.