பயத்துக்கு நல்ல விலை, பேராண்டி!

ஏலே பேராண்டி, குற்றச் செய்திக்குன்னே தனியா யூடியூப் சேனல் ஆரம்பிக்கப் போறியாமே? உங்கம்மா சொன்னா. நல்ல யோசனைடே. மானாவாரிப் பருத்தி எப்ப வேணாலும் காலை வாரும்; பயம் மூணு போகமும் விளையும், மழையும் கேக்காது, உரமும் கேக்காது. உன் அக்கா காலேஜுல சமூகவியல் படிச்சப்ப சத்தம் போட்டுத்தான் படிப்பா. திண்ணையில படுத்திருந்த என் காதுலயும் அதெல்லாம் விழுந்துச்சு. பரீட்சை முடிஞ்சதும் அவ மறந்துட்டா, நான் மறக்கல. தொழில்ல இறங்குமுன்ன கொஞ்சம் கேட்டுக்கோ.

முதல்ல, ஒண்ணைப் பத்தாக்கப் பழகு. 1964ல ஈஸ்டர் லீவு. இங்கிலாந்துல கிளாக்டன்னு ஒரு கடற்கரை ஊரு, நல்ல குளிரு. ஸ்கூட்டர்ல சுத்துற பயலுக ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் பயலுக ஒரு பக்கம். பொழுது போகாம உரசிக்கிட்டானுக, கல்லெறிஞ்சானுக, சில கண்ணாடி உடைஞ்சது. மறுநாள் பேப்பரைப் பாத்தா ஊரையே சூறையாடின மாதிரி எழுதியிருக்கான். கடலோரத்து நடனக் கொட்டகையெல்லாம் நொறுங்கிப் போச்சாம். அந்த ஊர்ல இருந்ததே ஒரே ஒரு கொட்டகைதாம்லே! அதுலயும் சில சன்னலுக்குத்தான் சேதம். ஸ்டான்லி கோஹன்னு ஒரு மனுசன் பொறுமையா உக்காந்து இதையெல்லாம் ஆராஞ்சு 1972ல புத்தகமாவே போட்டாரு. வேடிக்கை என்னன்னா, பேப்பர் போட்ட கூச்சல்ல ‘மாட்ஸ்’, ‘ராக்கர்ஸ்’ங்கிற பேரு நாடு பூரா நிலைச்சிருச்சு. அடுத்த லீவுல மார்கேட், பிரைட்டன்னு பயலுக திரண்டு வந்தானுக. போலீசும் கேமராவும் அவனுகளுக்கு முன்னாடியே தயாரா நின்னுச்சு. அதனால நீயும் ஒரு திருட்டுன்னா ‘தொடர் திருட்டு’ன்னு போடு. நாலு பேரு சேந்து நின்னா ‘கும்பல்’னு போடு. கும்பலுக்கு ஒரு பேரையும் வச்சு விட்டுட்டா, பெறகு அது தானா வளந்துரும்.

அடுத்து, குத்தவாளி எப்பவும் வெளியூர்க்காரனா இருக்கணும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருசா வருசம் கணக்குப் போடுது. பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல, அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே தெரிஞ்சவன் மேலதான் புகாரு. சொந்தக்காரன், பக்கத்து வீட்டான், கட்டிக்கிடுதேன்னு வாக்குக் குடுத்தவன். இதைப் போய்ச் சேனல்ல சொல்லிராதே. ‘மாமன்கிட்ட சூதானமா இருங்க’ன்னு போட்டா கல்யாண வீட்டுப் பந்தியில உனக்கு எலை விழாது. ‘வடநாட்டுக் கும்பல் ஊருக்குள்ள வந்துட்டான்’னு போடு, ராத்திரிக்குள்ள ஊர் பூராவும் ஃபார்வர்டு பண்ணிருவான்.

அப்படித்தானே பண்ணுனானுக? 2018 மே மாசம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல அத்திமூர். சென்னையில இருந்து ஒரு குடும்பம் கோயிலுக்குக் கார்ல வந்துச்சு. அதுல அறுபத்தஞ்சு வயசு அம்மா ஒருத்தி வழியில நின்ன பிள்ளைகளுக்குச் சாக்லேட் குடுத்தா. பிள்ளை பிடிக்கிறவன்னு கத்துனானுக, ஊரே திரண்டுச்சு, அந்த அம்மாவை அடிச்சே கொன்னுட்டானுக. கூட வந்தவுகளுக்கும் பலத்த அடி. பிள்ளைகளைக் காப்பாத்துறதா நெனச்சுத்தாம்லே அம்புட்டுப் பேரும் கையை ஓங்குனான்.

மூணாவது, எதுக்கும் வாலை நறுக்கிரு. அந்த வருசம் நாடு முழுக்கச் சுத்துன ஒரு வீடியோவுல பைக்குல வர்றவன் பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டுப் பறப்பான். அது கராச்சியில எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில அவனே திரும்பி வந்து பிள்ளையை எறக்கி விட்டுட்டு, பிள்ளைகளைப் பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு ஒரு அட்டையைக் காட்டுவான். எவனோ ஒரு புத்திசாலி கடைசித் துண்டை மட்டும் வெட்டி வீசிட்டான். பல உசுரு போன பெறகு, ஜூலை மாசம் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதபடி செஞ்சது.

வழக்குக்கும் வால் உண்டுடே. 1944ல லட்சுமிகாந்தனை மெட்ராஸ்ல கத்தியால குத்திக் கொன்னாங்க. சினிமாக்காரங்க வீட்டுச் சங்கதியை எழுதியே பத்திரிகை ஓட்டுன ஆளு. அந்தாளு எழுதுறதுக்குக் காசு வாங்குனதைவிட எழுதாம இருக்கத்தான் அதிகமா வாங்குனாருன்னு ஒரு பேச்சு உண்டு. அந்தக் கொலை வழக்குல சினிமா நடிகருங்க தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் பிடிச்சு உள்ள போட்டாங்க, ஆயுள் தண்டனையும் விழுந்துச்சு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் திரும்பி, 1947ல ரெண்டு பேரும் விடுதலை. பாகவதர் வெளிய வந்தாரு, போன மார்க்கெட்டு வரல. நீயும் கைதுக்கு மூணு வீடியோ போடு. விடுதலைக்கு ஒண்ணும் போடாதே, அதைப் பாக்க எவன் வாரான்?

ஒண்ணே ஒண்ணு மட்டும் சூதானம். பாதிக்கப்பட்டது சின்னப் பிள்ளைன்னா முகத்தை மங்கலாக்கிட்டு, பள்ளிக்கூடத்தையும் தெருவையும் ‘பிரத்யேகக் காட்சி’ன்னு காட்டிராதே. போக்சோ சட்டத்துல 23ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. பேரு, விலாசம், படம், குடும்பம், பள்ளிக்கூடம், எதையும் வெளியிடக் கூடாது. மீறுனா ஆறு மாசத்துக்குக் குறையாத செயிலு, இல்லேன்னா அபராதம், ரெண்டும்கூட விழலாம். செயிலுக்குள்ள சிக்னல் கிடைக்காது.

நீ இப்படியே தினமும் ஓட்டுனா ஊரு என்ன ஆகும்னு ஜார்ஜ் கெர்ப்னர்னு அமெரிக்காவுல ஒருத்தர் ரொம்ப வருசம் ஆராஞ்சாரு. டி.வி. முன்னாடியே கெடக்கிறவன், உலகம் நெசத்துல இருக்கதைவிடப் பொல்லாததுன்னு நம்புதானாம், எதுத்து வர்ற ஆளையெல்லாம் சந்தேகப்படுதானாம். பயந்து போனவனை ஆட்டி வைக்கிறது லேசுன்னும் சொன்னாரு. ‘பிடிச்சுச் சுட்டுத் தள்ளுங்க சார்’னு உன் சேனலுக்குக் கீழ கமெண்டு போடப் போறது அந்தப் பயந்தாங்கொள்ளிதான். சுட்டவனை நீ ‘சிங்கம்’னு போடுவே, அதுக்கும் லைக் விழும்.

இத்தனைக்கும் பெறகு உண்மையா ஒரு செய்தி போடணும்னு உனக்கு ஆசை வந்தா, நம்ம தெருவுலயே ஒண்ணு இருக்கு. உன் மாமன் என் வரப்பை ஒரு முழம் வெட்டித் தன் காட்டோட சேத்துக்கிட்டான். தெரிஞ்சவன் செஞ்ச குத்தம். பட்டா இருக்கு, சர்வேக் கல்லு இருக்கு, சாட்சி சொல்ல நான் இருக்கேன். அதை முதல் வீடியோவாப் போடேன் பாப்போம். உன் மாமன்கூடப் பாக்க மாட்டான்!