கிருஷ்ணாயில் கடையில் கிரேக்கம்

போன இதழில், “இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லையா, எழுதிக் கேளுங்கள்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பெரம்பூரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பட்டறை, பள்ளிக்கூடம், அடுப்படி, ஆட்டோ ஸ்டாண்டு என்று ஒரு இடம் பாக்கியில்லை. ‘லவ்’வுக்கு அர்த்தம் கேட்ட மூன்று பேருக்கு மட்டும் பதில் கிடையாது, வீட்டில் கேட்டுக்கொள்ளவும்.

கே: எங்க தாத்தா, அப்பா ரெண்டு பேரும் ஐ.சி.எஃப்.ல வேலை பார்த்தவங்க. அந்தப் பேர்ல ‘கோச்’ புரியுது, ‘ஃபேக்டரி’ புரியுது. ‘இன்டெக்ரல்’னா என்ன? (கல்லூரி மாணவி, அயனாவரம்)

ப: தாத்தாவைக் கேட்டிருந்தால் இரண்டு தீப்பெட்டியை வைத்தே விளக்கியிருப்பார். அந்தக் காலத்து ரயில்பெட்டி, மாட்டுவண்டி சாதி. கீழே இரும்புச் சட்டம், அதன்மேல் மரத்தில் ஒரு கூண்டு. பாரம் முழுக்கச் சட்டத்தின் தலையில். கூண்டுக்கு வெயில், மழை மறைப்பதைத் தவிர வேலையில்லை. மோதல் நடந்தால் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் புகுந்துவிடும். சுவிட்சர்லாந்தில் ஜூரிச் பக்கத்து ஷ்லீரன் கம்பெனியார் கொண்டுவந்த முறை வேறு. தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் எஃகில் செய்து ஒரே குழாயாகப் பற்றவைத்துவிட்டார்கள். முட்டை ஓடு மாதிரி, பாரத்தை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். அந்த ‘ஒரே உடம்பு’தான் இன்டெக்ரல். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு ஆலையைத் திறந்துவைத்தபோது இந்தச் சொல் வெறும் பெயரல்ல, பெரிய பெருமை.

லத்தீனில் ‘இன்டெகர்’ என்றால் கைபடாதது, முழுசு. கணக்கில் முழு எண் இன்டிஜர். துளித்துளியாகக் கிடப்பதைச் சேர்த்துத் தொகை கண்டால் இன்டெக்ரல். உள்ளே ஒன்று வெளியே ஒன்று இல்லாத மனிதரிடம் இருப்பது இன்டெக்ரிட்டி. முதல் இரண்டுக்கும் பரீட்சை வைக்கிறார்கள்.

கே: கோச் ஃபேக்டரி, கோச்சிங் சென்டர். சொந்தமா? (நீட் எழுதும் பையனின் அப்பா, அகரம்)

ப: சொந்தம்தான். ஹங்கேரியில் கோச் என்று ஒரு ஊர். அங்கே செய்த குதிரைவண்டி ஐரோப்பா முழுக்கப் பிரசித்தம். ஊர்ப்பெயரே வண்டிப்பெயர் ஆயிற்று. மாணவனைத் தூக்கி உட்காரவைத்துப் பரீட்சைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடும் வாத்தியாரையும் ‘கோச்’ என்று 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு பையன்கள் கேலி பேசினார்கள். வாத்தியார்கள் கோபிக்காமல் அதையே போர்டாக மாட்டிக்கொண்டார்கள். கட்டணம் வண்டிக்கு உரியதா வாத்தியாருக்கு உரியதா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கே: ‘போகி’? (அதே அப்பா)

ப: ஊரெல்லாம் முழுப் பெட்டியையும் போகி என்கிறது. பெரம்பூரில் அப்படிச் சொன்னால் ஐ.சி.எஃப். ஆட்கள் பல்லைக் கடிப்பார்கள். பெட்டிக்கு அடியில் சக்கரங்களைக் கோத்துத் தனியாகத் திரும்பும் சட்டம்தான் போகி. ஒரு பெட்டிக்கு இரண்டு. மார்கழிக் கடைசியில் பழைய பாயை எரிப்பது வேறு போகி.

கே: அடுப்பு கேஸ், கோர்ட்டு கேஸ், சூட்கேஸ். மூணையும் தமிழ்ல ஒரே மாதிரிதான் எழுதறோம். ஒரே வார்த்தையா? (இல்லத்தரசி, ஜமாலியா)

ப: மூன்று வேறு குடும்பங்கள், ஒரே கதவு எண். கோர்ட்டு கேஸ் லத்தீனில் ‘விழுவது’. தலையில் வந்து விழுவதால் பொருத்தம். சூட்கேஸின் கேஸ் ‘பெட்டி’. அடுப்பு கேஸை 17-ஆம் நூற்றாண்டில் ஃபான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியம் பக்கத்து ரசவாதி, உட்கார்ந்து யோசித்து உண்டாக்கினார். கையில் பிடிபடாமல், பாத்திரத்தில் அடங்காமல் கலைந்து ஓடும் பொருளைப் பார்த்துக் கிரேக்கத்தில் ‘குழப்பம்’ என்று பொருள்படும் ‘கேயாஸ்’ நினைவுக்கு வந்ததாம். அவர் ஊர் நாக்கில் அது கேஸ். பதிவு செய்து மூன்று நாளாகியும் சிலிண்டர் வராத வீட்டில் இந்தப் பொருள் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

கே: எங்க ஆயா ‘கிருஷ்ணாயில்’னு சொன்னா என் மருமக சிரிக்குது. எது சரி? (வியாசர்பாடி)

ப: ஆயா பக்கம்தான் நான். ‘கெரசின் ஆயில்’ வரிசையில் நின்று நின்று கிருஷ்ணாயில் ஆகி, பெருமாள் பெயரையும் சேர்த்துக்கொண்டது. மருமகள் சொல்லும் கெரசின் மட்டும் என்ன சுத்தம்? 1854-ல் ஆப்ரகாம் கெஸ்னர் என்ற கனடாக்காரர் தன் விளக்குக்கான எண்ணெய் வியாபாரத்துக்குச் செய்துகொண்ட மார்க்குப் பெயர் அது. கிரேக்கத்தில் ‘கேரோஸ்’ என்றால் மெழுகு. எண்ணெய்க்கு மெழுகுப் பெயர். இங்கிலாந்தில் இதையே பாரஃபின் என்பார்கள். லத்தீனில் ‘ஒட்டுறவு குறைந்தது’ என்று அர்த்தம், வேறு எதனோடும் லேசில் சேராததால். கல்யாணத்துக்கு வந்தும் சாப்பிடாமல் போகும் பங்காளி. இத்தனைக்கும் நடுவில் மண்ணிலிருந்து வந்த எண்ணெயை மண்ணெண்ணெய் என்று ஒரே மூச்சில் சொன்னவன் எவனோ, அவனுக்கு மணலி ரிஃபைனரி வாசலில் ஒரு சிலை வைக்கலாம்.

கே: சாணைச் சக்கரத்துல ‘கார்போரண்டம்’னு இருக்கு. அது தமிழ் வார்த்தைன்னு எங்க மேஸ்திரி அடிச்சு சொல்றாரு. அவரு எல்லாத்தையுமே தமிழ்னு சொல்ற ஆளு. நம்பலாமா? (கிரைண்டிங் வேலை, செம்பியம்)

ப: எல்லாவற்றையும் தமிழ் என்பவரும் எப்போதாவது ஜெயிக்க வேண்டாமா? இந்தத் தடவை பாதிக்கு மேல் ஜெயித்துவிட்டார்.

மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் தாய் ஒரே கல். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதில் துளி குரோமியம் புகுந்தால் சிவந்து மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் புகுந்தால் நீலம். அழகுக்கு வழியில்லாமல் மங்கலாகப் பிறந்துவிட்டால் பிழைப்புக்குச் சாணை. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி. இதை நம்மவர்கள் குருந்தம் என்றார்கள். மாணிக்கத்தில் ஒரு வகையைக் குருவிந்தம் என்றார்கள். சேலம் பக்கத்தில் தோண்டி, இடித்துப் பொடியாக்கி, அரக்கில் குழைத்துச் சக்கரம் வார்த்து, ரத்தினத்தைத் தீட்டினார்கள். வந்த வெள்ளைக்காரர் கல்லை எடுத்துக்கொண்டபோது பெயரையும் கூடவே எடுத்துப் போனார்: கொரண்டம். ஆங்கில அகராதிகளே ‘தமிழிலிருந்து’ என்று பதிந்து வைத்திருக்கின்றன.

இனித்தான் கூத்து. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் சேர்த்து மின்சாரத்தில் வறுத்தெடுத்தார். மினுமினுவென்று படிந்த துகள் கண்ணாடியைக் கீறியது. கார்பனும் கொரண்டமும் கலந்த சரக்கு என்று நினைத்து, கார்போரண்டம் என்று தொட்டிலில் போட்டுவிட்டார். ஆற அமரச் சோதித்தால் அது சிலிக்கான் கார்பைடு. குருந்தம் மருந்துக்குக்கூடக் கிடையாது. அதற்குள் சரக்கு விற்க ஆரம்பித்துவிட்டதால் பெயரை யாரும் தொடவில்லை. 1954-ல் கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை வந்தது. சேலத்தில் வேட்டியோடு கப்பலேறிய சொல், தகப்பன் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு, பேன்ட் போட்டு, வடசென்னையில் வந்து இறங்கியது. மேஸ்திரிக்கு ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கிக் கொடுங்கள்.

கே: அப்போ உப்புத்தாள்ல உப்பு இருக்கா? (அதே பட்டறை, வேறு கையெழுத்து)

ப: நக்கிப் பார்க்க வேண்டாம், இல்லை. அவர்களுடைய ‘சேண்ட்பேப்பரில்’ இப்போது மணலும் இல்லை.

கே: ரோமாபுரியில் சிப்பாய்களுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்ததால்தான் ‘சாலரி’ என்று வந்ததாமே? (ஓய்வுபெற்ற கணக்கர், பட்டாளம்)

ப: சாலரிக்குள் உப்புக்கான லத்தீன் சொல் இருப்பது நிஜம். உப்பையே அளந்து போட்டார்கள் என்பதற்கு உறுதியான பழைய சான்று இல்லை; பின்னால் வந்தவர்கள் கதையில் உப்புக் கூட்டினார்கள். நாமும் சளைக்கவில்லை. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் ‘சம்பளம்’ என்று ஒரு விளக்கம் மேடைதோறும் ஓடுகிறது. கேட்க ருசியாக இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாட்டிலும் சம்பளத்தைப் பற்றி நினைத்தவுடன் உப்புக்குக்கூடப் போதாது என்ற எண்ணம் வந்திருக்கிறது என்பது வரை நிச்சயம்.

கே: ‘ஸ்ட்ரைக்’குன்னா அடிக்கிறது. வேலையை நிறுத்துறதுக்கு அது எப்படிப் பேராச்சு? (பின்னி மில் தொழிலாளியின் பேரன், புளியந்தோப்பு)

ப: அடி இல்லை, இறக்கம். கப்பலில் பாயை இறக்குவதற்கும் மாலுமிகள் ‘ஸ்ட்ரைக்’ என்பார்கள். 1768-ல் லண்டனில் கூலி போதாத கப்பல்காரர்கள் பாய்களை இறக்கிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் நகராது. காசிமேட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தாத்தா ஊரில் இந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. 1918 ஏப்ரல் 27-ல் இங்கே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு எழுதுகிறவர்கள் தொடங்குகிறார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணை. வந்த குறைகளில் முக்கியமான ஒன்று, மதியச் சோற்றைத் தின்று கைகழுவ நேரம் போதவில்லை என்பது. ‘யூனியன்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் ‘ஒன்று’ என்று வேர். வாடியா இங்கிலீஷில் பேசினார், தமிழில் திரு.வி.க. முழங்கினார், ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல் சுருட்டுப் புகை மாதிரி சந்து சந்தாகப் பரவியது. சொல்ல மறந்தேன், ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல் நம் சுருட்டுதான்.

கே: காக்கி இங்கிலீஷா? (ஆட்டோ ஸ்டாண்டு, மூலக்கடை)

ப: பாரசீகத்தில் ‘காக்’ என்றால் மண், தூசி. தூசி தெரியாமலிருக்கத் தூசியின் நிறத்தையே உடுத்தும் தந்திரம். சாயம் வெளுக்காத காக்கிக்குப் பெயர் வாங்கியதும் நம் பின்னி மில்தான்.

கே: அமிலம் தெரியும். ‘ஆல்கலி’க்கு எங்க மிஸ் ‘காரம்’னு சொன்னாங்க. மிளகாய் ஆல்கலியா? (ஒன்பதாம் வகுப்பு, ஓட்டேரி)

ப: இல்லை. இந்தக் காரம் வடமொழி க்ஷாரம், சாம்பல் உப்பு. மிளகாய்க் காரம் வேறு. ஆனால் ஆல்கலியும் சாம்பல்தான். அரபியில் ‘அல்கலி’ என்றால் உவர்நிலச் செடியை எரித்த சாம்பல். எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் போனால் சேற்றோரம் தடித்த இலையோடு உமரி முளைத்திருக்கும், கடித்தால் கரிக்கும். அந்தக் குடும்பத்துச் செடியைத்தான் எரித்தார்கள். பொட்டாசியம் என்கிறோமே, அது ‘பாட்’டும் ‘ஆஷ்’ஷும்: பானைச் சாம்பல். அதற்குப் புத்தகத்தில் ‘கே’ என்று ஏன் குறி? கலி என்ற அதே அரபிச் சாம்பலுக்காக. உன் பாட்டி சாம்பலைப் போட்டுப் பாத்திரம் துலக்கியபோது எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கழுவினார். மிஸ்ஸிடம் சொல், மார்க் கிடைக்கும்.

கே: ‘ஆல்கஹாலும்’ அரபியா? அவங்க குடிக்க மாட்டாங்களே! (பெயர் வேண்டாம்)

ப: அல்குஹ்ல். கண்ணுக்கு இடும் மை. நைஸான மைப்பொடிக்கு இருந்த பெயர், பிறகு எதன் நைஸான சாரத்துக்கும் ஆகி, ஐரோப்பாவில் ஒயினின் சாரத்துக்குப் போய் நின்றது. கண்ணை அழகாக்கியது கண்ணை மறைக்கப் போய்விட்டது. பெயர் போடவில்லை, கவலை வேண்டாம்.

கே: பாத்ரூம் ஆசிட்டோட பிளீச்சிங் பவுடர் சேர்த்தா நல்லா வெளுக்கும்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. ரெண்டு பேர்லயும் என்ன இருக்கு? (மாதவரம்)

ப: அம்மா, முதலில் கதவைத் திறந்து வைத்துவிட்டு இதைப் படியுங்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கிரேக்கத்தில் ‘வெளிர் பச்சை’ என்று அதற்கு அழகான பெயர் வைத்தவர் ஹம்ஃப்ரி டேவி. 1915-ல் ஜெர்மன் படை அதை பெல்ஜியத்தில் எதிரிகளின் பதுங்குகுழிகள்மேல் விட்டது. உங்கள் பாத்ரூம் அதைவிடச் சின்னது. சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

அந்த ஆசிட் ஒருவர் மானத்தையும் வாங்கியது. ஆசிட் என்றால் லத்தீனில் புளிப்பு. எல்லாப் புளிப்புக்கும் ஒரு வாயுதான் காரணம் என்று நம்பி, பாரிஸில் லவாசியே அதற்குப் ‘புளிப்பை உண்டாக்குவது’ என்று கிரேக்கத்தில் பெயர் வைத்தார். அதுதான் ஆக்சிஜன். உங்கள் பாத்ரூம் ஆசிட்டில் ஆக்சிஜனே இல்லை என்று 1810-ல் டேவி காட்டிவிட்டார். பெயர் வைத்தவருக்கோ அதற்கு முன்பே பிரெஞ்சுப் புரட்சியில் தலை போய்விட்டது. பெயர் மட்டும் பிழைத்தது. தப்புப் பெயரோடு ஆக்சிஜன் வாழலாமென்றால் கிருஷ்ணாயிலுக்கு என்ன குறை, சொல்லுங்கள்.

கே: ஆர்கானிக் கடையில் யூரியா போடாத கத்திரிக்காய் என்கிறார்கள். என் மகள் யூரியாவே ஆர்கானிக் என்கிறாள். (பெரம்பூர்)

ப: இரண்டு பேரும் சரி, அதுதான் தலைவலி. வேதியியலில் ஆர்கானிக் என்றால் கரிமச் சேர்மம். பெட்ரோல், பூச்சிமருந்து எல்லாமே அதில் அடக்கம். 1828-ல் வோலர் என்ற ஜெர்மானியர் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய யூரியா அந்தப் படிப்பின் தலைப்பிள்ளை. காய்கறிக் கடையிலோ அதற்கு வாசலிலேயே தடை. மகளை வேதியியல் படிக்க வையுங்கள். கத்திரிக்காய் வாங்க அனுப்பாதீர்கள்.

கே: வேதியியலுக்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்? ரசாயனம் என்றே விட்டிருக்கலாமே? (தமிழாசிரியர், செம்பியம்)

ப: வேதமில்லை ஐயா, வேதித்தல். ஓர் உலோகத்தை இன்னொன்றாக மாற்றும் சித்தர் தொழில். செம்பு தங்கமானதோ இல்லையோ, சொல் பாடப்புத்தகம் ஆயிற்று. இலங்கையில் இன்னும் இரசாயனவியல்தான். ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்க டாக்டர் கிறீன் முயற்சியில் 1875-ல் வந்த வேதியியல் நூலுக்குப் பெயர் ‘கெமிஸ்தம்’. சிரிக்காதீர்கள். ராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ எழுதுவதற்குப் பல பத்தாண்டு முன்னால், வாயில் நுழையும்படி ஒரு சொல் வேண்டுமென்று கவலைப்பட்டவர் அவர். எனக்குக் கெமிஸ்தம் பிடித்திருக்கிறது. அஷ்டாங்கம், ஆயுர்வேதம் மாதிரி கம்பீரமாக, கையில் ஒரு செம்போடு நிற்கிறது.

கே: ‘டவுட்’ வார்த்தையில் ‘பி’ என்ற எழுத்து எதற்கு? யாரும் உச்சரிப்பதில்லையே. (ஐந்தாம் வகுப்பு, அயனாவரம். அப்பா கையெழுத்து)

ப: முதலில் அது இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது எழுத்தும் உச்சரிப்பும் ஒழுங்காகத்தான் இருந்தன. சில நூற்றாண்டு கழித்து, லத்தீன் மூதாதையிடம் ஒரு ‘பி’ இருந்ததே என்று பண்டிதர்கள் கொண்டுவந்து நடுவில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து வேலை ஒன்றும் செய்யாமல் தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறது. கடனுக்கான ‘டெட்’டிலும் அதே ஆளுக்கு இரண்டாவது உத்தியோகம்.