ஃபேனை அமத்து!

அருப்புக்கோட்டையில் சித்திரை மாதத்துக் காலை நேரம். வீட்டில் ஆள் இருந்தும் ஃபேன் ஓடவில்லை என்றால் கரண்டு போயிருக்க வேண்டும், அல்லது ஃபேன் கெட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது கிளியண்ணாச்சி வீடு.

தெருவுக்கு ஒரு கிளியண்ணாச்சி இப்போது தேறிவிடுகிறார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். பனியனின் தோள்பட்டையில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல் இருக்கும். சுட்டிக்காட்டினால் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். வேலை பார்த்தது மின்வாரியத்தில் என்று அமைந்துவிட்டால் தெருவுக்கு வாய் அடங்காது: “முப்பது வருசமா ஊரு ஃபேனை நிறுத்துன மனுசன், இப்ப வீட்டு ஃபேனை நிறுத்துறாரு.”

அவர் வளர்ப்பது பச்சைக்கிளி அல்ல. அந்த ஆசை சிறுவயதிலேயே தீர்ந்துவிட்டது. திருச்சுழிப் பக்கத்துப் பனங்காட்டில் மொட்டைப்பனையின் பொந்தில் கைவிட்டுக் குஞ்சு எடுத்தவர்தான் அவரும். இறக்கையைக் கத்தரித்து, மிளகாய்ப்பழம் கொடுத்து வளர்த்தார். (பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, காரத்தை உணரும் வாசல் அதன் நாக்கில் நமக்கு இருப்பது போல இல்லை. அன்றைக்கு அவர் அதைக் கிளியின் வீரம் என்று நினைத்தார்.) இப்போது அப்படிச் செய்ய முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2023-இல் சென்னையில் ஒரு சினிமா நகைச்சுவை நடிகர் வீட்டில் பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததற்கு வனத்துறை 2.5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதற்குப் பிறகு விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் பயப்படாமல் கையில் பச்சைக்கிளி வைத்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் ஒருத்திதான் என்பார் அண்ணாச்சி. அதுவும் மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடம்புமாகத் தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி.

ஆகவே அவர் வாங்கியது காக்டெய்ல் குஞ்சு. ஆஸ்திரேலியக் கிளி, கொண்டை வைத்தது, முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய நூறு கிராம்தான். பெயரால் ஒரு குழப்பம் நடந்தது. “மாமா காக்டெய்ல் வாங்கியிருக்காராம்” என்ற சேதி குடும்பத்துக்குள் பரவி, மச்சினர் ஒருவர் பந்தல்குடியிலிருந்து மிக்சர் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். வந்தவர் கூண்டைப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தை மறைக்க, எல்லாரும் கேட்பதையே கேட்டார்: “பேசுமா?”

இந்தக் கேள்வி அண்ணாச்சிக்கு ஆகாது. “பறக்கும்” என்பார் சுருக்கமாக. மச்சினர் மிக்சரில் ஒரு கடலையை எடுத்துக் கூண்டுக்குள் நீட்ட, அண்ணாச்சி பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு சேர்ந்த எதுவும் குஞ்சுக்குக் கூடாது. சாத்தூர் சேவும் அந்த வீட்டுக்குள் இப்போது அலமாரியில் பூட்டி வைக்கிற பொருள்.

காக்டெய்லின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழையும் புல்விதையும் எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஜாதி. “நம்ம மானாவாரிப் பறவைதான்” என்று அண்ணாச்சி உறவு கொண்டாடுவது இதனால்தான். ஆனால் மானாவாரிக் காட்டுக்குப் பொருத்தமான பறவைக்கு மானாவாரி வீடு பொருந்தவில்லை. இந்த வெயிலைத் தாங்க மனிதன் வீட்டுக்குள் செய்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் குஞ்சுக்கு எமன். நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றும் ஃபேன் முதல் எமன். காற்றுக்காகத் திறந்து கிடக்கும் ஜன்னல் அடுத்தது. தண்ணீரைப் பிடித்து வைத்தே பழகிய ஊர் என்பதால் அண்டா, டிரம், குடம், வாளி என்று வீடு முழுக்க வாய் திறந்த பாத்திரங்கள். வழுவழுப்பான அண்டாவுக்குள் விழுந்த குஞ்சுக்கு விளிம்பைப் பிடித்து ஏற வழியில்லை. எல்லாவற்றுக்கும் மூடி வாங்கினார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார். கண்ணாடி என்பது குஞ்சுக்கு வெறும் வெளி, முட்டிக்கொள்ளும் என்று தெரிந்ததும் பீரோ கண்ணாடிக்குத் தன் எட்டு முழ வேட்டியைக் கட்டிவிட்டு, இவர் துண்டோடு நின்றார்.

பயிற்சி காலைச் சாப்பாட்டுக்கு முன். பசி கொஞ்சம் இருக்க வேண்டும், பட்டினி கூடாது. கூண்டுக்கு மேல் ஒரு வேப்பங்குச்சி, அதில் குஞ்சு. எதிரே ஆள்காட்டி விரலை நீட்டி, மறுகையில் தினைக்கதிர். முதல் நாள் ஒரு முழம். தாவிவிட்டால் மறுநாள் ரெண்டு முழம். ஊர் மல்லிகைப்பூ விற்கிற ஊர், அளவும் அதுவாகத்தான் வரும். வாசலில் பூக்காரம்மா முழம் போட, உள்ளே அண்ணாச்சி முழம் போடுவார். தூக்கி எறிந்து பழக்குவது அவருக்குப் பிடிக்காது. குஞ்சு தானாக வர வேண்டும். அது கழுத்தை நீட்டும், உடம்பைத் தாழ்த்தும், கொண்டையை நிமிர்த்தும், புறப்படுவது போலப் புறப்பட்டு, திரும்ப உட்கார்ந்து இறகைக் கோதும். அண்ணாச்சியின் கை நடுங்கத் தொடங்கியிருக்கும். விரலை இறக்க மாட்டார்.

ஏழாவது முழத்தில் அது நிஜமாகவே கிளம்பியது. டிவிஎஸ் ஃபிஃப்டி பழகும் பையனுக்கு ஆக்சிலேட்டர் முதல் நாளே பிடிபட்டுவிடும், பிரேக்தான் தகராறு. குஞ்சுக்கும் அப்படியே. எழும்புவது பிறவியிலேயே வருகிறது. வாலை விரித்து, உடம்பை நிமிர்த்தி, வேகத்தைக் குறைத்து இறங்குவது பழகிப் பழகித்தான் வரும். கூடத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி, தினசரிக் காலண்டரைப் பிடிக்கப் பார்த்து, ஒரு வாரத்துத் தாள்களைக் கிழித்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் சரிந்தது.

“செத்துப் போச்சா?” என்றார் வீட்டம்மா.

“லேண்ட் ஆயிருச்சு” என்றார் அண்ணாச்சி.

அடுத்த வாரம் அது திரைக்கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க வழி தெரியாமல் கத்தியது. ஸ்டூல் போட்டு எடுக்கப்போன வீட்டம்மாவைத் தடுத்துவிட்டார். எடுத்துக் கொடுத்துப் பழக்கினால் அது ஸ்டூலுக்குத்தான் காத்திருக்குமாம். கம்பிக்குக் கொஞ்சம் கீழே விரல், பிறகு இன்னும் கொஞ்சம் கீழே என்று சரிவாக இறக்கிக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் ஃபேன் கிடையாது. பெற்ற மகனுக்கு சைக்கிள் பழக்கியபோது பின்சீட்டை எப்போது விட்டார் என்று மகனுக்கே தெரியாது. அந்த வடு இன்னும் முழங்காலில் இருக்கிறது.

பறவைக்கடைப் பையன் ஒரு குறுக்குவழி சொன்னான்: “இறக்கைய லேசா வெட்டி விட்ருங்க அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது.” பறக்கப் பழகும் முன்பே வெட்டினால் நெஞ்சுத் தசை தேறாது, கல் மாதிரி விழும், நெஞ்செலும்பில் அடிபடும். பனங்காட்டுக் குஞ்சு எப்படி விழுந்தது என்று பார்த்தவர் அவர். கடைப்பையனிடம் தினை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுக்களைச் சண்டை தனி. நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் அந்த ஆவி பறவையைக் கொல்லும் என்பது மெய். தவா பரணுக்குப் போனது, இரும்புத் தோசைக்கல் இறங்கியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி விஷயத்தில் மட்டும் அண்ணாச்சியின் ஆத்தாள் அசையவில்லை. கடைசியில், சாம்பிராணி கூடத்தில், குஞ்சு மொட்டைமாடி அறையில் என்று உடன்படிக்கை.

வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம். குஞ்சு கூண்டுக்கு மேல் குச்சியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பயிற்சி நேரம் முடிந்துவிட்டதால் வீட்டார் ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். திடீரென்று கரண்டு போனது. தெரு முழுக்க ஒரே முனகல். ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. ஃபேன் நின்றால் பறக்கும் நேரம் என்று குஞ்சு எப்போதோ படித்து வைத்திருந்தது போல. கொண்டையை நிமிர்த்தி, ஜம்மென்று கிளம்பி, கூடத்தைச் சுற்றி வந்தது. அண்ணாச்சி பாயில் எழுந்து உட்கார்ந்து, வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையிலிருந்து ஓடிவந்தது வீட்டம்மாதான்.

“ஏங்க, கரண்டு வந்துரப் போகுது! வேடிக்க பாக்காம போயி மொதல்ல சுச்ச அமத்துங்க!”