கூடப் போகத்தான் உத்தரவு

காஞ்சிபுரத்துக்கு வந்து சாப்பாடு சரியில்லை என்று முகம் சுளித்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கொண்டுவந்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பெட்டி படுக்கையோடு ஓடிய விருந்தாளி ஒருவர்தான். பெயர் சர் ஹெக்டர் மன்றோ, வருஷம் 1780. விருந்தாளி என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாத குதிரையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் தாமஸ் மன்றோ. இவர் வேறு. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தாமஸும் அப்போது பத்தொன்பது வயதுப் பொடியனாக இவருடைய படையில்தான் இருந்தார். இந்தப் போரைப் பற்றிப் பின்னால் புத்தகம் எழுதிய கேப்டன் இன்னஸ் மன்றோ என்று மூன்றாவது ஒருவரும் உண்டு. அந்தப் படையில் அரிசிக்குத்தான் பஞ்சம், மன்றோவுக்கு இல்லை.

நம் ஹெக்டர் லேசுப்பட்டவர் அல்ல. 1764-ல் பக்சாரில் ஜெயித்தவர். 1778-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பாண்டிச்சேரியைப் பிடித்தவர். அப்படிப்பட்டவர் சென்னையில் தலைமைத் தளபதியாக உட்கார்ந்திருந்தபோது, 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். கூடவே எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் பேர். கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினி சபைக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. ஊர்கள் எரியும் புகை கண்ணில் பட்ட பிறகுதான், சரி, படையை எங்கே கூட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

பரங்கிமலைப் பக்கமே கூடுவோம், அதுதான் பத்திரம் என்றார் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவைக் கொண்டுவந்திருந்த மக்லியோட் பிரபு. முடியாது, காஞ்சிபுரம்தான் என்றார் மன்றோ. மக்லியோட் தலைமையேற்கத் தயங்க, நானே போகிறேன் என்று மன்றோ கிளம்பினார். இந்த ஏற்பாடுகளை எதிர்த்துப் பேசிய சபை உறுப்பினர் ஒருவரை இடைநீக்கம் செய்தார்கள். போதாததற்கு, வா, துப்பாக்கியோடு நேருக்கு நேர் நிற்போம் என்று மன்றோவிடமிருந்து அவருக்கு அழைப்பு வேறு. முகாமுக்கு இடம் பார்த்த லட்சணம் இது.

இடம் முடிவாயிற்று. சோறு?

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. செங்கல்பட்டுச் சீமை 1763-லேயே ஜாகீராகக் கும்பினிக்கு வந்துவிட்டது. ஆனால் அதைத் திரும்பவும் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்கே குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதனால் படைக்கு வேண்டிய தானியம், மாடு, ஒற்றுச் செய்தி எல்லாம் நவாப் பார்த்துக்கொள்வார் என்று கும்பினி இருந்தது. நவாபோ சேப்பாக்கம் அரண்மனையில் கழுத்து வரை கடனில் உட்கார்ந்திருந்தார். கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கும்பினி துரைமார்களே. பாக்கிச் சம்பளம் வராமல் நகரமாட்டோம் என்று நவாபின் குதிரைப்படை வேறு மறித்துக்கொண்டு நின்றது. சமையல்காரருக்குப் பெண் வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று பெண் வீட்டாரும் இருந்துவிட்ட கல்யாணம் அது. முகூர்த்தம் மட்டும் தவறவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் உத்திரமேரூர்க்காரனாகிய எனக்குக் கை துறுதுறுக்கும். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில், எவனிடம் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது எங்கள் ஊர். 919-ல் ஒரு தடவை. அது போதவில்லையென்று 921-ல் திருத்தி இன்னொரு தடவை. குடத்தில் ஓலை போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். குடத்துக்குள் பெயர் போகவேண்டுமானால் வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. முக்கியமானது இனிமேல்தான்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துப் பக்கமே வரக்கூடாது. அவன் மட்டுமா? சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மச்சான், மருமகன், அப்பன், பிள்ளை என்று பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஊர்ப் பெருமையில் ஒரேயடியாக மிதக்கவேண்டாம். அது பிராமணர்களின் சபை. நிலம் உழுதவனுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தினார்கள் என்றால் அதற்குள் எவனோ விளையாடியிருக்கிறான் என்றுதான் அர்த்தம். ஆனாலும் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு 1780-க்குப் போய்ப் பாருங்கள். மன்றோவுக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு, பாஸ். கால் வேலி, சொந்த மனை இரண்டுக்கும் உத்திரமேரூரில் பட்டா கிடையாது, பெயில். நவாபின் கணக்கைக் கேட்டால் அவரோடு சேர்ந்து கடன்காரர்கள், அவர்களுடைய மச்சான்கள் என்று சென்னைக் கோட்டையில் பாதி காலியாகிவிடும்.

ஆகஸ்ட் 26-ஆம் தேதி ஐயாயிரத்துச் சொச்சம் பேரோடு பரங்கிமலையிலிருந்து மன்றோ புறப்பட்டார். கொட்டும் மழையில் சேறு மிதித்துக் காஞ்சிபுரம் வந்து சேர 29-ஆம் தேதியாயிற்று. கையிருப்பு சில நாள் அரிசிதான், அதிலும் சிப்பாய்கள் தோளில் சுமந்து வந்த மூட்டைதான் கணக்கு. சுமை மாட்டுக்குத் தட்டுப்பாடு என்பது காரணம். சரி, இருந்த மாடும் கூலியாளும் எதைச் சுமந்தார்கள்? இன்னஸ் மன்றோ தம் புத்தகத்தில் ஒரு கேப்டன் போர்க்களத்துக்குப் போகும் அழகை விவரிக்கிறார். நல்ல கட்டில், நாற்காலிகள், மேசை, ஒயின், பிராந்தி, ஜின், தேயிலை, சர்க்கரை, கூடை கூடையாக உயிர்க்கோழி, பாலுக்கு ஒரு ஆடு. இதெல்லாம் இல்லாமல் யுத்தத்துக்குப் போவதாவது! ஹைதர் வந்தால் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு ஆட்டைக் கறக்கவேண்டியதுதான்.

காஞ்சிபுரத்தில் கடை கண்ணி எதுவும் இல்லை. ஹைதரின் குதிரைக்காரர்கள் முன்பே வந்து சுரண்டிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சமிருந்ததை ஊர்க்காரர்கள் மண்ணுக்கடியில் வைத்துவிட்டார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டாலும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவேண்டும்? கடைசியில் கோயில் மதிலுக்குள் அகப்பட்ட நெல்லை வைத்துக்கொண்டு, அதற்குக் காவல் இருப்பதே படையின் முழுநேர வேலையாகிவிட்டது. எதிரியைத் தேடி வந்த படை, நெல் குதிரைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

நவாப் தம் சார்பில் ஒரு திவானைக் கூட அனுப்பியிருந்தார். மன்றோ அவரைக் கூப்பிட்டு, தானியம் எங்கே, துப்பு எங்கே என்று விசாரித்தார். மன்றோவே பின்னால் சொன்னபடி, அந்த மனிதர் தந்த விளக்கம் இதுதான்: தங்களோடு கூட இருக்கத்தான் எனக்கு உத்தரவு, தானியத்துக்கும் துப்புக்கும் உத்தரவு இல்லை. அரசாங்க அலுவலக வாசலில் கால் கடுக்க நின்ற எவருக்கும் இந்த மனிதரைத் தெரியும். அவருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். வாலாஜாபாத்துக்கு அவர் எஜமானின் பெயர் இருக்கிறது, அதுவரை திருப்தி.

இது தெற்கு முகாம். வடக்கே இன்னொரு முகாம், இன்னும் விசேஷம். மன்றோவோடு சேரக் குண்டூரிலிருந்து 2,800 பேரோடு வந்துகொண்டிருந்த கர்னல் வில்லியம் பெய்லி ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் இறங்கி நடக்கிற மாதிரி இருந்தது. நல்ல இடம், இங்கேயே கூடாரம் போடுங்கள் என்று இந்தக் கரையிலேயே படுத்தார். ராத்திரி மழை பிடித்துக்கொண்டது, விடிந்தால் வெள்ளம். அந்தக் கரைக்குப் போய்ச் சேரச் செப்டம்பர் பிறந்து சில நாளாகிவிட்டது. ஆவணி மாசத்தில் ஆற்றை எதிரே வைத்துக்கொண்டு எந்தக் கரையில் தூங்கவேண்டும் என்பதற்கு ஏரி வாரியம்கூட வேண்டாம், மாடு மேய்க்கிற பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

இதற்குள் ஹைதரின் மகன் திப்புவுக்கு வேண்டிய அவகாசம் கிடைத்துவிட்டது. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் பெய்லியை மறித்தார். பீரங்கிச் சத்தம் காஞ்சிபுரத்தில் கேட்டது. மன்றோ போகலாம்தான். போனால் நெல்லை யார் பார்த்துக்கொள்வது? கர்னல் பிளெட்சரோடு ஆயிரம் பேரை அனுப்பி வைத்தார். வழிகாட்டிகள் எதிரியிடம் காசு வாங்கியிருப்பார்களோ என்று சந்தேகப்பட்ட பிளெட்சர், அவர்கள் காட்டிய பாதையை விட்டு வேறு பாதையில் போனதால்தான் உருப்படியாகப் போய்ச் சேர்ந்தார். 9-ஆம் தேதி இரவு இரண்டு படையும் சேர்ந்து காஞ்சிபுரம் நோக்கிக் கிளம்பியது. இன்னும் சில மைல்தான் பாக்கி. நடந்திருந்தால் விடிவதற்குள் வந்திருக்கலாம். பெய்லி மறுபடியும் படுத்தார்.

மறுநாள் புள்ளலூரில் நடந்ததைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. ஹைதரின் முழுப்படையும் சுற்றி வளைத்தது, வாணங்கள் சீறின, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. 3,800 பேர் கொண்ட படையில் அழியாமல் எஞ்சியவர்கள் கைதிகள் மட்டுமே. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் செத்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இந்தப் போரை வரையவைத்தார். பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெய்லியை இன்றும் பார்க்கலாம். அதே காட்சியின் பழைய சித்திரம் ஒன்று 2022-ல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுனுக்குப் போயிற்று. அந்தப் பணத்தில் எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் என்று நான் கணக்குப் போடவில்லை.

அன்று ஒருவழியாக உதவிக்குக் கிளம்பிய மன்றோ, புகையைப் பார்த்துப் பாதி வழியிலேயே திரும்பிக் காஞ்சிபுரம் வந்தார். மறுநாளே காலி செய்தார். இழுத்துப் போக மாடில்லாத பெரிய பீரங்கிகளும் சாமான்களும் குளத்துக்குப் போயின. பாலாற்றோரமாகச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஓடினால் அங்கேயாவது அரிசி இருக்கும் என்று நினைப்பு. அங்கும் நவாபின் ஏற்பாடுதான், அரிசி இல்லை. கடைசியில் படை மூச்சு வாங்கிய இடம் பரங்கிமலை. மக்லியோட் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கு அங்கே யாரும் ஞாபகப்படுத்தியிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன், மன்றோ துப்பாக்கி எடுத்துவிடுவார்.

கல்கத்தாவிலிருந்து சென்னைக் கவர்னர் ஒயிட்ஹில்லைப் பதவி நீக்கி, சர் ஐர் கூட் என்ற கிழச்சிங்கத்தை அனுப்பினார்கள். கூட் வந்ததிலிருந்து எழுதிய கடிதங்களில் பாதி, அரிசி எங்கே, மாடு எங்கே என்பதுதான். 1781 ஆகஸ்டில் அவரும் புள்ளலூருக்கே வந்தார். ஹைதருக்கு அது ராசியான இடமென்று நம்பிக்கை, அங்கேயே காத்திருந்தார். போன வருஷத்துப் பிணங்களின் எலும்புகள் இன்னும் வயலில் கிடந்தன. 27-ஆம் தேதி பகல் முழுவதும் சண்டை. நாங்கள்தான் ஜெயித்தோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டது. ஜெயித்த கையோடு கூட் தம் கையிருப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு, படையைத் திருப்பிக்கொண்டு திருப்பாச்சூருக்குச் சாப்பிடப் போய்விட்டார்.