கல் ஒரு வழி, காசு ஒரு வழி

கேள்வி: துபாய் வியாபாரி ஒருவர் எங்கள் கிரானைட்டைக் கேட்கிறார். அமெரிக்கா போடும் பொருளாதாரத் தடை மேலூர்க்காரனை என்ன செய்யும்?
– வாசகர், மேலூர், மதுரை மாவட்டம்

பதில்: உங்கள் கல் தூத்துக்குடி வழியாகப் போகும், டாலரோ பெரும்பாலும் நியூயார்க் வங்கிகளைத் தொட்டுத்தான் வரும். தடையைக் காட்டி அங்கே பிடித்தால் காசு முடங்கிவிடும். வாங்குபவர் பெயரை அமெரிக்க நிதித்துறையின் தடைப்பட்டியலில் இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். அதோடு நிற்காதீர்கள். பட்டியலில் இருப்பவருக்கு 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கிருந்தால், பெயரே இல்லாத கம்பெனிக்கும் தடை உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான். சரக்கு கடைசியில் எந்த நாட்டில் இறங்குகிறது என்றும் கேளுங்கள்.

ஈரான் கதை தெரியுமா? 2012-ல் அவர்களுடைய எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பகுதியை யூகோ வங்கியில் ரூபாயாகப் போடத் தொடங்கினோம். அதிலிருந்து நம் அரிசிக்கும் தேயிலைக்கும் காசு வந்தது. ஈரான் எண்ணெய் வாங்க அமெரிக்கா தந்த விலக்கு 2019 மே மாதம் முடிந்து எண்ணெய் நின்றது, கணக்கும் வற்றியது. அரிசிக்குத் தடையே இல்லை. ஆனாலும் அனுப்பியவர்கள் பணத்துக்குத் தவித்தார்கள். பாவம், அவர்கள் செய்த தப்பு எதுவுமில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.