ஆலா முட்டைக்குக் குடை

கேள்வி: கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? (வாசகர், சந்தாபுரா)

பதில்: முட்டைதான் குறையும்! லட்சத்தீவின் பிட்டி மணல்திட்டில் மரமே கிடையாது. ஆலா என்ற கடற்பறவைகள் அங்கே தரையில்தான் முட்டையிடுகின்றன. புள்ளி போட்ட அந்த முட்டை மணலோடு மணலாகக் கிடக்கும், காலடியில் இருந்தாலும் தெரியாது. ஜோடி மாறி மாறி உட்காருவது சூடேற்ற மட்டுமல்ல, வெயிலை மறைக்கவும்தான். பயந்து எழுந்துவிட்டால் கரு வெந்துபோகலாம், நண்டும் காத்திருக்கும். ‘கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரில் வீட்டுக் கூரைக்கு மேலேயே கூழைக்கடா கூடு கட்டுகிறதே?’ என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அங்கே கூடு புளியமர உச்சியில். ஊராரும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். 2007-ல் சமூகக் காப்பகமான அந்த ஊர், பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் போய் மத்தூருக்குச் சற்று முன்னே விலகினால் வந்துவிடும். முதலில் அங்கே போங்கள். பார்க்காமல் பாசம் வராது என்பதும் உண்மை, அதற்குத்தான் தொலைநோக்கி. பறவை தலை தூக்கி உங்களையே பார்த்தால், இன்னும் பத்தடி பின்னால் போங்கள்.